நண்டு கேக் வாணலியில் உதிர்ந்துபோகிறது, என்ன செய்வது?

கேள்வி:
நேற்று முழு நண்டுகளை ஆவியில் வேகவைத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சதை எடுத்தேன். 450 கிராம் தேறியது. அதில் 2 முட்டை, அரை கப் மயோனைஸ், கடுகு விழுது, ஒரு பிடி ரொட்டித்தூள் சேர்த்து, வடைபோல் தட்டி எண்ணெயில் போட்டேன். திருப்பியதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. அத்தனை உழைப்பும் வீணானதில் மனம் ஆறவில்லை. ரொட்டித்தூளைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்:
தயவுசெய்து கூட்டாதீர்கள்! நண்டின் ருசியே போய்விடும். அமெரிக்காவின் மேரிலாந்து பாணியில் தூள் மிகக் குறைவு, நண்டுதான் பிரதானம். உங்கள் கலவையில் ஈரம் அதிகம். அந்த அளவுக்கு 1 முட்டையும் கால் கப் மயோனைஸும் போதும். சதையைத் துணியில் வைத்து மெல்ல ஒற்றி எடுங்கள். பிசையவே கூடாது, பெரிய துண்டுகள் சிதையாமல் விரல் நுனியால் புரட்டுங்கள். தட்டியபின் 1 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நான் பலமுறை தோற்றுக் கற்றது இந்தக் குளிரவைக்கும் படிதான். பிறகு மிதமான தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம். அடிப்பக்கம் பொன்னிறமாகும்வரை தொடாதீர்கள்.

இன்னொரு பதில்:
திருப்பப் பயமாக இருந்தால் ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள். திருப்பும் வேலையே இல்லை.

கேட்டவர்:
குளிரவைத்துப் பொரித்தேன், ஒன்றுகூட உடையவில்லை! ஆனால் ஒரு வாயில் ஓட்டுத் துண்டு நெருடியது.

பதில்:
சதையைத் தட்டில் பரப்பி, விரலால் இரண்டு முறை தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தெரியும்.