மதுரை அப்பளத் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றலாமா?

வில்லாபுரத்து அப்பளக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் என் தந்தையார் தொடங்கிய அப்பளத் தொழிலை இப்போது நான் நடத்தி வருகிறேன். நிறுவனம் என் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்பு உரிமம், ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண் எல்லாம் முறையாக உள்ளன. சரக்கில் பெரும்பகுதி ஓர் ஏற்றுமதியாளர் மூலமாகச் சிங்கப்பூருக்குப் போகிறது. அங்கே லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா கடைகளில் எங்கள் பாக்கெட் விற்கும் விலைக்கும் எங்கள் கைக்கு வரும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், உளுந்து விலை ஏறும்போதெல்லாம் இங்கே எதற்காக மல்லுக்கட்டுகிறோம் என்று தோன்றுகிறது. அங்கே நிரந்தரவாசியாக உள்ள என் மைத்துனர், இங்குள்ளதை மூடிவிட்டுக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள், அங்கேயே கம்பெனி தொடங்கித் தயாரிக்கலாம் என்கிறார். அதற்குச் சட்டம் இடம் தருமா, எவ்வளவு பணம் கொண்டுபோகலாம், பிறகு வரியை எந்த நாட்டுக்குக் கட்ட வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். எங்களிடம் நெடுங்காலமாக வேலை பார்க்கும் பெண்களை நினைத்தால்தான் முடிவெடுக்க மனம் வரவில்லை.

அண்ணாநகர் தணிக்கையாளர் பதில்:

ஐயா, இங்குள்ள நிறுவனத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் அங்கே வைக்க நம் சட்டத்தில் எளிய வழி கிடையாது. கம்பெனிகளுக்காவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் எல்லை கடந்த இணைப்புக்கு ஏற்பாடு உண்டு. அதற்கும் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும், சிறு தொழிலுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே, தாங்கள் செய்யக்கூடியது அங்கே புதிய கம்பெனி ஒன்றைத் தொடங்கி, அதில் இந்தியாவிலிருந்து முதலீடு செய்வதுதான்.

இந்த முதலீடு 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின் கீழ் வரும். ஒருவரே உரிமையாளராக உள்ள தனியுரிமை நிறுவனம் என்பதால் தங்களைத் தனிநபராகவே கருதுவார்கள். ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு வரியை முன்கூட்டியே பிடித்துவிடும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், உளுந்து வாங்க வேண்டிய பருவத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது. அடுத்து, இவ்வகை முதலீட்டுக்கு வங்கி கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, எனவே சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கிலிருந்து எடுத்து அனுப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். நிறுவனத்தை எல்எல்பியாகவோ (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) பிரைவேட் லிமிடெட்டாகவோ மாற்றிக்கொண்டால் அதன் நிகர மதிப்பைப் போல் நான்கு மடங்கு வரை முதலீடு செய்யலாம், அந்த 20 விழுக்காடு பிடித்தமும் இராது. பெருந்தொகை போடுவதாக இருந்தால் இதையே பரிந்துரைப்பேன்.

வரியைப் பொறுத்தவரை, ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கினால் தாங்கள் இங்கே குடியிருப்பவர். உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்டியாக வேண்டும். அங்குள்ள கம்பெனி சிங்கப்பூர் வரிக் குடியிருப்பைப் பெற்று இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் பலனை அடைய, இயக்குநர் குழு அங்கே கூடி முடிவெடுக்க வேண்டும். வில்லாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே எல்லாவற்றையும் நடத்தினால் சிங்கப்பூரின் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் கிடைப்பது கடினம்.

உசிலம்பட்டியிலிருந்து சிங்கப்பூர் வந்தவர் பதில்:

அண்ணன், தணிக்கையாளர் சொன்னவை காகிதத்துக்கு. நான் களத்தைச் சொல்கிறேன். தயாரிப்பைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம். உளுந்து மாவும் அப்பளக்காரமும் உப்பும் எங்கும் கிடைக்கும், ஆனால் நம்மூர் வெயில் கிடைக்காது. வில்லாபுரத்தில் காலையில் பரப்பிய அப்பளம் ஓரம் சுருளாமல் பதமாகக் காய்ந்து, கையில் எடுத்தால் வளைந்து கொடுக்கிறதே, அந்தப் பதத்தை ஆண்டு முழுவதும் மழையும் ஈரக்காற்றும் உள்ள இந்த ஊரில் உலர்த்தும் இயந்திரம் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு மின்சாரச் செலவும் தொழிற்கூட வாடகையும் சேரும். வெளிநாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதந்தோறும் தீர்வை கட்ட வேண்டும்; எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. தாங்கள் குறிப்பிடும் விலை இடைவெளியை இவையே விழுங்கிவிடும்.

விற்பனையை மட்டும் இங்கே கொண்டுவருவது நல்ல யோசனை. கம்பெனிக்குச் சிங்கப்பூரில் குடியிருக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். தங்கள் மைத்துனர் அதற்குத் தகுதியானவர். ஆனால் கணக்குத் தாக்கல் தவறினால் அவரும் சட்டப்படி பொறுப்பாவார் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளரை நியமிக்க வேண்டும். பதப்படுத்திய உணவை இறக்குமதி செய்ய சிங்கப்பூர் உணவு முகமையில் பதிவும், ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதியும் தேவை. அப்பளத்துக்குச் சுங்க வரி கிடையாது, 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு.

குடும்பத்தோடு குடிபெயர்வது வேறு கதை. தொழில்முனைவோர் அனுமதியைப் புதுத் தொழில்நுட்பமும் துணிகர முதலீடும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் தருகிறார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதி பெற வேண்டுமானால், தங்கள் கம்பெனியே தங்களுக்கு மாதம் குறைந்தது 5,600 சிங்கப்பூர் டாலர் சம்பளம் தர வேண்டும் என்று 2025 ஜனவரியிலிருந்து வைத்திருக்கிறார்கள். வயது கூடக் கூட அந்தத் தொகையும் கூடும். கடை ஊன்றுவதற்கு முன் இந்தச் சுமையை அதன் தலையில் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தெற்குவாசல் ஏற்றுமதியாளர் பதில்:

துபாயையும் ஒரு முறை பாருங்கள் என்று சொல்ல வந்தேன். 2022 மே முதல் நம்மோடு வணிக ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. லாபத்தில் 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் 9 விழுக்காடு வரி. ஆனாலும் ஏற்கெனவே தங்கள் பாக்கெட்டைக் கேட்டு வாங்கும் ஊரை விட்டுவிட்டுப் புது ஊரில் தொடங்க வேண்டுமா என்று யோசியுங்கள். எந்த ஊரானாலும், வணிகப் பெயரை அங்கே தங்கள் பெயரில் முதலில் பதிவு செய்யுங்கள். இந்தியப் பதிவு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். விநியோகஸ்தர் முந்திக்கொண்டு பதிந்தால் சொந்தப் பெயருக்காக வழக்காட வேண்டிவரும். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வணிகப் பெயர் பதியும் மாட்ரிட் முறையில் இங்கிருந்தே சிங்கப்பூருக்கு விண்ணப்பிக்கலாம்.

வில்லாபுரத்து அப்பளக்காரர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தயாரிப்பையும் பெண்களையும் இங்கேயே வைத்துக்கொண்டு, விற்பனைக் கம்பெனியை மட்டும் மைத்துனரோடு தொடங்குவது என்று வீட்டில் பேசியிருக்கிறோம். நான் இங்கிருந்து அந்தக் கம்பெனிக்கு எந்த விலையிலும் சரக்கு விற்கலாமா? அனுப்பும் முதலீட்டுக்குப் பிறகு இங்கே செய்ய வேண்டியது என்ன?

அண்ணாநகர் தணிக்கையாளர்:

எந்த விலையிலும் விற்க முடியாது, ஐயா. இரண்டும் தொடர்புள்ள நிறுவனங்கள் என்பதால், வெளியார் ஒருவருக்கு விற்றிருந்தால் என்ன விலை வைத்திருப்பீர்களோ அதே விலை வைக்க வேண்டும். இப்போதைய ஏற்றுமதியாளருக்குப் போட்ட பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள், நாளை அவையே சான்றாகும். முதல் தவணை அனுப்பும் முன் வங்கி மூலமாக வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்சி படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்குரிய யுஐஎன் என்னும் தனி அடையாள எண்ணைப் பெற வேண்டும்; பணம் போன ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழை வங்கியில் சேர்க்க வேண்டும். அதன் பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அந்தக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையைத் தர வேண்டும். சிறு கம்பெனிகளுக்குத் தணிக்கை தேவையில்லை என்று சிங்கப்பூரில் சலுகை உண்டு. ஆனால் கட்டுப்பாடு தங்கள் கையில் இருந்தால் நம் விதிப்படி தணிக்கை செய்த கணக்கைத்தான் இணைக்க வேண்டும். எனவே அந்தத் தணிக்கைச் செலவையும் முதலாண்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.