சீன மாணவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு: உங்கள் யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சீனாவின் நான்ஜிங் நகரில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். அவர்கள் எழுதவிருக்கும் காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் கேட்டல் பகுதிக்கு 30. முதல் 5 உரையாடல்கள் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும்.

நுணுக்கமான பத்தியைக்கூடப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள், கேட்கும்போது 'வாக்ட்' (walked) என்பதை 'வாக்' (walk) என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மாண்டரின் சீன மொழியில் அசைகள் 'க்', 'ட்' போன்ற ஒலிகளில் முடிவதில்லை. அதனால் கடைசி ஒலி காதுக்குத் தப்பிவிடுகிறது. இது அவர்களுடைய சோம்பேறித்தனம் அல்ல.

விடைத் தெரிவுகளும் ஆங்கிலத்தில் அச்சாவதால், தவறு கேட்டலிலா வாசிப்பிலா என்று பிரித்தறிய முடியவில்லை. தெரிவுகளைப் படமாகவோ சீன மொழியிலோ தந்து சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? கேட்டல், வாசிப்பு ஆகிய இரு பகுதிகளுக்கும் ஒரே அளவு கடினமான பத்திகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? மாதிரி வினாத்தாள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். பருவத் தேர்வுக்கு முன் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.