ஃபிட்னஸ் 2032 வரை என்று காட்டும் பழைய கார்: சோதனை வரலாற்றை எங்கே பார்ப்பது?

காரிமங்கலத்தான்:

வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு புரோக்கர் வழியாக டீசல் டிசையர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2017 நவம்பரில் டிஎன் 24 வரிசையில் பதிவான ஓன் போர்டு (சொந்த உபயோகப் பதிவு) வண்டி. இப்போது வைத்திருப்பவர் இரண்டாவது உரிமையாளர். 2021-இல் வாங்கி, வாரம் ஒருமுறை பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்வரப் பயன்படுத்தியதாகச் சொல்கிறார். மீட்டரில் 62,000 கிலோமீட்டர் இருக்கிறது. வண்டி பளிச்சென்றுதான் இருக்கிறது. கழுவிப் பாலிஷ் போட்ட வண்டி வேறு எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி, சோதனை வரலாற்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்கிறான். அங்கே மூன்று வயது கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்ஓடி என்ற சோதனைக்குப் போக வேண்டுமாம். வண்டி எண்ணைத் தட்டினால், 2005 முதல் எந்த ஆண்டு தேறியது, எதனால் தவறியது, அன்றைக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாமாம். இதைப் புரோக்கரிடம் சொன்னபோது, அவர் எம்-பரிவாகன் செயலியைத் திறந்து, ஃபிட்னஸ் 2032 நவம்பர் வரை இருப்பதைக் காட்டி, ஆர்டிஓவே பார்த்துச் சான்று கொடுத்த வண்டிக்கு வேறென்ன வரலாறு வேண்டும் என்று கேட்டார். புகைச் சான்றும் நடப்பில் இருக்கிறது. அவர் சொல்வது சரிதானா? நம் ஊரில் அப்படிப் பார்க்க வேறு வழி உண்டா?

ஓசூர்வாசி:

செயலியில் உள்ள தேதி சரியானது. அதற்குப் புரோக்கர் சொல்லும் விளக்கம்தான் தவறு. சொந்த உபயோகத்துக்கான கார் பதிவாகும்போதே 15 ஆண்டுகளுக்குப் பதிவு செல்லும் என்று எழுதிவிடுகிறார்கள். 2017 நவம்பரோடு 15-ஐக் கூட்டினால் 2032 நவம்பர். இடையில் வண்டி மரத்தில் மோதியிருந்தாலும், ஏரியில் இறங்கியிருந்தாலும் அந்தத் தேதி மாறாது. 15 ஆண்டு முடிந்து, பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப் போகும்போதுதான் அதிகாரி வண்டியைப் பார்ப்பார். அதுவரை ஓன் போர்டு காருக்குக் காலமுறைச் சோதனை கிடையாது என்பதால், உங்கள் தம்பி சொல்லும் மாதிரியான பதிவேடும் இங்கே இல்லை. அரசுச் சோதனை வரலாறு உள்ள கார்தான் வேண்டுமென்றால் டி போர்டு (டாக்ஸி) வண்டியைத்தான் வாங்க வேண்டும். அவற்றை எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சான்றுச் சோதனைக்கு) காட்டுகிறார்கள். ஓடித் தேய்ந்தது என்று நாம் ஒதுக்குவதும் அதே வண்டிகளைத்தான்.

புகைச் சான்று புகையை மட்டுமே சொல்லும்; பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ அங்கே யாரும் தொடுவதில்லை. ஆனாலும் பழைய சான்றுகள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டி பிஎஸ்-4 டீசல். அதற்குச் சான்றில் வரும் புகை அளவின் வரம்பு 1.62. ஆண்டுக்காண்டு அளவு அந்த வரம்பை நோக்கி ஏறிக்கொண்டே வந்திருந்தால், இன்ஜின் பக்கம் மெக்கானிக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஆகவே வரலாற்றை நாம்தான் வேறு காகிதங்களிலிருந்து கோக்க வேண்டும். நான் முதலில் கேட்பது இன்சூரன்ஸ் பாலிசியை. நடப்பு பாலிசி மட்டும் போதாது, முந்தைய ஆண்டுகளின் நகல்களும் வேண்டும். அவற்றில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். ஒரு கிளெய்ம் வாங்கினால், அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இந்தப் போனஸ் காருக்குச் சேராது, உரிமையாளருக்கே சேரும். இப்போதைய உரிமையாளர் 2021-இல் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தாலும், கிளெய்ம் இல்லையென்றால் 2025 பாலிசியில் 45 இருக்க வேண்டும். போனஸைக் காக்கும் கூடுதல் திட்டம் எடுத்திருந்தாலும், பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தாது. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டவரிடம் இந்த வரியே இருக்காது. அதையும் கவனிக்க வேண்டிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சர்வீஸ். கம்பெனி சர்வீஸ் சென்டரில் உரிமையாளரே உடன் வந்து கேட்டால், வண்டி எண்ணை வைத்துப் பழைய ஜாப் கார்டுகளை (செய்த வேலைகளின் சீட்டுகளை) எடுத்துக் காட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கும். ஒரு தேதிக்குப் பிறகு கிலோமீட்டர் குறைந்திருந்தால், மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு கட்டத்துக்குப் பின் பதிவே இல்லையென்றால் வெளியில் சர்வீஸ் பார்த்திருப்பார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் அந்தப் பில்களாவது வேண்டும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை போய்வந்தால் ஆண்டுக்கு 9,000 ஆகிறது. நான்கு ஆண்டுக்கு அதுவே 36,000. ஊருக்குள் ஓடியது தனி. அப்படியானால் முதல் உரிமையாளர் டீசல் வண்டியை வாங்கி, நான்கு ஆண்டில் 26,000-க்கும் குறைவாகத்தான் ஓட்டினாரா? இருக்கலாம், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். உரிமையாளரின் ஃபாஸ்டேக் கணக்கு விவரத்தையும் காட்டச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை என்று அவர் சொல்வது, அத்திப்பள்ளி சுங்கச்சாவடிப் பதிவில் வாரம் ஐந்துமுறையாகத் தெரிந்தாலும் தெரியும்.

ஹைப்போதிகேஷன் (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) நீங்கியதா, அபராதம் நிலுவை உண்டா என்பவற்றை வாகன், இ-சலான் தளங்களில் உடனே பார்த்துவிடலாம்.

தருமபுரி பட்டறை:

மேலே உள்ள நண்பர் காகிதத்தைச் சொல்லிவிட்டார். நான் வண்டியைச் சொல்கிறேன். முதல் நிபந்தனை, நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆகும் வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

குளிர்ந்த இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் தன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டிய வண்டியில், மூடியின் உட்புறத்திலும் கழுத்திலும் வெள்ளைக் காரையும் செங்கல் நிறத் துருவும் படிந்திருக்கும். விரலால் சுரண்டினால் மாவாக வரும். அப்படிப்பட்ட இன்ஜின் ஒருமுறையாவது சூடேறி நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்ட கம்பெனிப் பெயரையும் ஆண்டுக் குறியையும் சுற்றிவந்து ஒப்பிடுங்கள். கல் தெறித்து முன்கண்ணாடி மாறியிருப்பது சகஜம். ஒரே பக்கத்துக் கதவுக் கண்ணாடிகள் இரண்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்து ஸ்பானர் தடம் இருக்கிறதா, சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் தேய்த்த தடம் இருக்கிறதா என்பவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அந்த நம்பரை பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பது நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது, தொப்பூரிலிருந்து தருமபுரி நோக்கி ஏறும் பக்கத்தில் கொண்டுபோங்கள். கிளட்ச் நழுவுகிறதா, டர்போ இழுக்கிறதா என்பது அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்து இறக்கத்தில் அறியாத வண்டியின் பிரேக்கைச் சோதிக்க வேண்டாம். அங்கே பின்னால் லாரிகள் வரும்.

காரிமங்கலத்தான்:

இருவருக்கும் நன்றி. பாலிசி நகல்களை உரிமையாளரே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். 2024 நவம்பரில் புதுப்பித்ததில் போனஸ் 35 சதவீதம் இருக்கிறது. 2025 நவம்பரில் புதுப்பித்ததில் பூஜ்யம். இடைவெளி இல்லாமல்தான் புதுப்பித்திருக்கிறார். கேட்டதற்கு, பம்பர் உரசியதற்காகச் சிறிய கிளெய்ம் வாங்கியதாகச் சொன்னார். சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்கு வரவும் சம்மதித்திருக்கிறார்.

ஊத்தங்கரையிலிருந்து:

ஐயா, அந்தப் பாலிசி ஆண்டைக் கவனியுங்கள். 2024 நவம்பருக்கும் 2025 நவம்பருக்கும் இடையில்தான் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டி, சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களும் வேன்களும் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. உரிமையாளர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். பம்பருக்குக் கிளெய்ம் வாங்குபவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் கிளெய்ம் தொகை எவ்வளவு, எந்தத் தேதி என்பது தெரியாமல் விலை பேச வேண்டாம். அவருடைய பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, கிளெய்ம் விவரத்தை அவரே கேட்டு வாங்கித் தரலாம். பம்பர் உரசலுக்கான தொகையும் நீர் புகுந்த இன்ஜினுக்கான தொகையும் ஒன்றுபோல் இருக்காது.

வண்டியில் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். இருக்கையையும் தரைவிரிப்பையும் சுத்தம் செய்பவர்கள்கூட, சுருளுக்குள் கிடக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள். நீர் நின்றிருந்தால் அங்கே குறுக்காக ஒரு மண்கோடு இருக்கும். பெல்ட்டே புதிதாக இருந்தால், அதன் அடியில் தைத்த சீட்டில் உள்ள தயாரிப்புத் தேதி வண்டியின் ஆண்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முன் இருக்கையின் அடியில் உள்ள தண்டவாளத் துரு, ஸ்டெப்னிக் குழியின் மூலையில் காய்ந்த வண்டல், டேஷ்போர்டின் அடியில் ஒயர் கனெக்டர்களில் பூத்த பச்சைக் களிம்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஏசியை முதலில் போடும்போது வரும் வாடையையும் முகர்ந்து பாருங்கள்.

சனிக்கிழமை போகும்போது, 2024 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரையிலான ஜாப் கார்டை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அதில் பம்பரும் பெயிண்டும் மட்டும் இருந்தால், கிலோமீட்டர் கணக்குக்குப் போகலாம். ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்), ஒயரிங், கார்பெட் என்று வரிசையாக இருந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை, திரும்பிவிடலாம்.