வெண்ணெய் ஏன் மாசியில வெளுக்குது?

கேள்வி (தாராபுரம் பக்கம்): கொரங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் காடு) மேயற எங்க காங்கேயம் மாட்டு வெண்ணெய் ஐப்பசி மழைக்கப்புறம் நல்ல மஞ்சளா திரளுது. மாசியில சோளத்தட்டு போட்டா வெளுத்துருது. சத்தும் குறையுதுங்களா?

பதில் 1: ஆமாங்க. பச்சைப் புல்லுல இருக்கற பீட்டா கரோட்டின்ங்கற நிறமிதான் அந்த மஞ்சள், உடம்புல வைட்டமின் ஏ ஆகறது அதுதான். தட்டு காயக்காய அது அழிஞ்சிரும். ஒமேகா-3 கொழுப்பும் பச்சை மேயற மாட்டுப் பால்லதான் கூடுதல். கால்சியம் பெருசா மாறாது.

பதில் 2: அப்ப எங்கூட்டு எருமை வெண்ணெய் எப்பவும் வெள்ளையா இருக்குதே?

பதில் 1: எருமை கரோட்டினை வைட்டமின் ஏ-வா மாத்திருதுங்கண்ணா. நிறத்தை வெச்சு எருமை வெண்ணெயை எடை போடாதீங்க.

பதில் 3: மண்ணையும் பாருங்க. கோபால்ட்ங்கற தாதுச்சத்து குறைஞ்ச மண்ணுப் புல்லைத் தின்னா, மாட்டு வயித்து நுண்ணுயிர் வைட்டமின் பி12 உண்டாக்கறது குறைஞ்சிரும். புல்லு மறுபடி முளைக்கணும்னு நாங்க கொழுக்கட்டைப்புல் விதை உதிர்ற வரைக்கும் காட்டுப் படலைத் தொறக்கறதில்ல. பால்காரர் கொழுப்பை மட்டும் பாத்துக் காசு தர்றாரு, அது தனி வயித்தெரிச்சல்.