மெருகேற்றப்படாத ஒரு 1941 லிங்கன் காண்டினென்டல் கூப்பே

மிச்சிகன் மாநிலத்தின் ஹிக்கரி கார்னர்ஸ் என்ற சிற்றூரில் கில்மோர் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே வளாகத்தில் லிங்கன் கார்களுக்கெனத் தனி அருங்காட்சியகம் ஒன்றும் 2014-இல் திறக்கப்பட்டது. ஒரு கோடையில் அங்கே சென்றிருந்தபோது, புல்வெளியில் உரிமையாளர்கள் நிறுத்தியிருந்த பழைய வண்டிகளுக்கு நடுவே 1941-ஆம் ஆண்டின் காண்டினென்டல் கூப்பே (இரண்டு கதவுக் கார்) ஒன்றைக் கண்டேன். பக்கத்து வண்டிகள் எல்லாம் புதுப் பெயின்ட்டில் கண்ணைப் பறிக்க, இது மட்டும் மங்கிய கறுப்பில் நின்றது. துடைத்துத் துடைத்தே முன் மட்கார்டின் விளிம்பில் பெயின்ட் மெலிந்து, அடியில் இருந்த பிரைமர் தெரிந்தது.

உரிமையாளர் முதியவர். நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். கதவில் கைப்பிடி இல்லை; அந்த ஆண்டு மாடலில்தான் கைப்பிடியை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்தார்கள். பெருவிரலால் அழுத்தும் முன் குனிந்து பார்த்தேன். பொத்தானைச் சுற்றி, நகம் பட்டுப் பட்டு விழுந்த மெல்லிய கீறல்கள் பிறை வடிவில் இருந்தன. புதுப்பித்திருந்தால் முதலில் அழிந்திருப்பது அவைதாம்.

இந்த மாடல் பிறந்த விதம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபோர்டு நிறுவனத் தலைவர் எட்சல் ஃபோர்டு, 1939-இன் புளோரிடா விடுமுறைக்குத் தமக்கென ஒரு வண்டி கேட்டார்; வடிவமைப்பாளர் கிரிகரி லிங்கன் செஃபிர் என்ற காரின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, பானட்டைத் தாழ்த்தி நீட்டி, உதிரிச் சக்கரத்தைப் பின்புறம் நிமிர்த்தி வைத்து வரைந்தார். அங்கே அதைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கவே, அது விற்பனைக்கு வந்தது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1951-இல் எட்டுக் கார்களைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைத்தபோது, 1941 காண்டினென்டலும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அந்த நீண்ட பானட்டின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது.

எனக்கு உண்மையில் மெய்சிலிர்த்தது பானட்டைத் திறந்தபோதுதான். உள்ளே அசல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், 292 கன அங்குலம், 120 குதிரைத்திறன். வெளியேறும் சூடான புகை சிலிண்டர்களுக்கு இடையே பிளாக்கினூடாகவே செல்வதால் இந்த எஞ்சின் எளிதில் சூடேறும். மெதுவாக ஓட்டினால் ஆயிலில் கசடும் சேரும். அதனால் பலர் இதைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். இவர் அப்படிச் செய்யாமல், தண்ணீர்ப் பாதைகளைச் சுத்தம் செய்து, ஆயிலை அடிக்கடி மாற்றியே காப்பாற்றி வந்திருக்கிறார். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தார்; பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலை உயர்த்த வேண்டிய தேவையே இருக்கவில்லை.

வாசகர் ஒருவரின் மறுமொழி:

நான் சில மைல்கள் பயணம் செய்த காண்டினென்டல், நீங்கள் சொன்னதுபோல் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு மாற்றப்பட்ட வண்டி. மலைச்சாலையில் சிரமமின்றி ஏறியது, ஒருமுறைகூடச் சூடேறவில்லை. மாற்றியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரிந்தது. பன்னிரண்டு சிலிண்டர் வண்டி ஒன்றில் ஒரு முறையாவது உட்கார்ந்து, அந்த அதிர்வு இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று அறிய வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து இருக்கிறது.