எல்லையோரத்திலிருந்து போய் நிரந்தர வதிவிடம் வாங்கியவர்களின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை பக்கம், இப்போது ஜெர்மனி

நானே தொடங்கி வைக்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாதான் எனக்குச் சொந்த ஊர். வீட்டில் தமிழ், தமிழ்வழிப் பள்ளி, ரேஷன் கார்டு கேரளம். ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். நிரந்தர வதிவிட அட்டை சமீபத்தில்தான் கைக்கு வந்தது. அதிலிருந்து ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். பி2 ஜெர்மன் மொழித் தேர்வு (பி1-க்கு அடுத்த நிலை) கஷ்டமா, ஏஜென்சி எது நல்லது, சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். சான்றிதழ்களில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று இதுவரை ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லையில் பிறந்தவர்களுக்கு முதல் வேலையே அதுதான். அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பிறப்பைப் பதிந்தது கேரளப் பஞ்சாயத்து. பழைய சான்றிதழ், மலையாளத்தில் கையால் எழுதியது, அதில் இனிஷியலே கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் கேரள வழக்கப்படி பெயர் முதலில், இனிஷியல் பின்னால். நர்சிங் படித்தது கோயம்புத்தூரில். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலந்தாவளம் தாண்டி பஸ் ஏறினால் கோவை பக்கம்தானே. அங்கே இனிஷியல் முன்னால் வந்துவிட்டது. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். அப்பா பெயரோ (ராமசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள்) கேரளத்துக் காகிதத்தில் ராமஸ்வாமி, கோவைக் காகிதத்தில் ராமசாமி. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் வேறு வேறு எழுத்துகள்.

நமக்கு இது ஒன்றுமே இல்லை. ஊரில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் என் நர்சிங் படிப்பை மதிப்பிட்ட ஜெர்மன் அலுவலகம், பிறப்புச் சான்றிதழில் இருப்பவரும் டிப்ளமோவில் இருப்பவரும் ஒருவர்தானா, அதற்கு அரசுச் சான்று உண்டா என்று கடிதம் போட்டுக் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. நாளைக்கு நோயாளிக்கு ஊசி போடப்போகிறவள் படித்தவள்தானா என்று பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

அந்தச் சான்று நம் வில்லேஜ் ஆபீஸிலேயே கிடைக்கும். கேரளத்தில் இதற்குப் பெயர் 'ஒன் அண்ட் த சேம்' சர்ட்டிஃபிகேட். இன்ன பெயரில் இருப்பவரும் இன்ன பெயரில் இருப்பவரும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீசர் எழுதிக் கொடுப்பார். அரசுச் சேவைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் அக்ஷயா சென்டரில் போய் விண்ணப்பம் போடலாம். எனக்கு மலையாளம் பேச வரும், எழுதினால் பிழை வரும். ஆபீஸில் வயதான ஊழியர் ஒருவர், "விவரத்த தமிழ்லயே எழுதிக் கொடு கண்ணு, அதுக்கு உனக்கு உரிமை இருக்குது" என்றார். 1969-ல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் கொடுக்கிறது என்று விளக்கினார். இத்தனை வருடம் அந்த ஊரில் வாழ்ந்தும் எனக்குத் தெரியாத விஷயம். அப்பாவின் இரண்டு பெயரையும் என்னுடைய எல்லா வடிவங்களையும் ஒரே காகிதத்தில் வரிசையாக எழுதச் சொன்னவரும் அவர்தான். ஒன்றை விட்டுவிட்டால் அந்த ஒன்றுக்காக மறுபடி அலைய வேண்டும். அந்த மனுஷர் நல்லா இருக்கணும்.

பிறப்புச் சான்றிதழையும் பஞ்சாயத்தில் ஆங்கிலம் சேர்ந்த புதிய நகலாக வாங்கிக்கொள்ளுங்கள். மலையாளத்திலிருந்து நேராக ஜெர்மனுக்கு மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது பெரும்பாடு. ஆங்கிலத்திலிருந்து மாற்ற ஆட்கள் நிறைய உண்டு.

போன வழியையும் சொல்கிறேன். ஒரு தனியார் ஏஜென்சி லட்சக்கணக்கில் கேட்டது. அப்பா தென்னந்தோப்பை அடகு வைக்கவும் தயாரானார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியூர் போகும் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனம் நோர்க்கா ரூட்ஸும் ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனமும் 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு 'டிரிபிள் வின்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. அதில் நர்ஸிடம் காசு வாங்குவதில்லை. பி1 வரை மொழி வகுப்பும் அவர்களே நடத்துகிறார்கள். படித்தது கோவையில் என்றாலும் கேரள முகவரி இருந்ததால் எனக்கு அந்தக் கதவு திறந்தது. எல்லையில் இருப்பதில் அலைச்சல் மட்டும் இல்லை, இப்படி லாபமும் இருக்கிறது.

ஜெர்மனி வந்ததும் நேராக நர்ஸ் ஆகிவிட முடியாது. நம் பாடத்திட்டத்தில் அவர்களுக்கு எது குறைகிறது என்று பட்டியல் போட்டுத் தருவார்கள். அதற்குப் பயிற்சி எடுக்கலாம், இல்லையென்றால் தேர்வு எழுதலாம். அதுவரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். அங்கீகாரம் கைக்கு வந்த பிறகுதான் திறன்பணியாளர் என்ற வகையில் வதிவிட அனுமதி தருவார்கள். நிரந்தர வதிவிடத்துக்கு அந்த அனுமதியோடு மூன்று வருடம் இருக்க வேண்டும். 2023 நவம்பருக்கு முன்பு இது நான்கு வருடமாக இருந்தது. உதவியாளராக இருந்த காலம் இந்த மூன்று வருடத்தில் சேராது. இங்கே நிறையப் பேர் வந்து இறங்கிய தேதியிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், பிறகு மனசு விட்டுப்போகிறார்கள். ஆனால் உதவியாளராகக் கட்டிய ஓய்வூதியப் பங்கு வீண் இல்லை. நிரந்தர வதிவிடத்துக்கு 36 மாத ஓய்வூதியப் பங்கு கட்டியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் அந்த மாதங்கள் சேரும். சம்பளத்தில் 9.3 சதவீதம் நம்மிடம் பிடிப்பார்கள், அதே அளவு முதலாளியும் கட்டுவார். அதற்கான கணக்குச் சீட்டை ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் தபாலில் அனுப்புவார்கள்.

மொழிக்கு பி1 போதும், நர்ஸுக்கு எப்படியும் பி2 இருக்கும். 'ஜெர்மனியில் வாழ்க்கை' என்று ஒரு தேர்வு உண்டு. 33 கேள்வி, 15 சரியாக இருந்தால் நிரந்தர வதிவிடத்துக்குப் போதும். 17 எடுத்துவிடுங்கள், பின்னால் குடியுரிமை கேட்கும்போது அதே சான்றிதழ் உதவும். கேள்விகள் எல்லாமே வெளியிடப்பட்டவை, படித்தால் வந்துவிடும்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் தேதி கிடைக்கத்தான் நெடுநாள் ஆனது. பழைய அனுமதி முடிவதற்குள் விண்ணப்பம் போட்டுவிட்டால் இடைக்காலச் சான்று ஒன்று தருவார்கள், அதை வைத்து வேலையைத் தொடரலாம். பயப்பட வேண்டாம். எனக்கு வாய்த்த அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர் என் கோப்பில் இருந்த வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழில் நின்றுவிட்டார். இத்தனை பெயரும் ஏன் என்று கேட்டார். இரண்டு மாநிலத்துக்கு நடுவில் எங்கள் ஊர், பள்ளி ஒரு பக்கம், கல்லூரி மறுபக்கம் என்று சொன்னேன். தன் பாட்டி வீடு பிரெஞ்சு எல்லையோரத்தில் என்றும், அவர் பெயரையும் இரண்டு விதமாக எழுதுவார்கள் என்றும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது முதல் கேள்வி, "நெரந்தரம்னா அப்போ நீ திரும்பி வரவே மாட்டியா கண்ணு?" என்பதுதான். இது குடியுரிமை இல்லை, என் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான், எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்று விளக்கினேன். ஒரு கட்டுப்பாடு மட்டும் இருக்கிறது. ஜெர்மனிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் இந்த உரிமை போய்விடும். பிரசவத்துக்கோ, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ அதற்கு மேல் தங்க வேண்டும் என்றால் புறப்படும் முன்பே அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மூணாறு, இப்போது கனடா

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதணும் என்று தோன்றியது. நான் தேயிலை எஸ்டேட் பிள்ளை. அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத் தொழிலாளிகள், எங்கள் குடும்பம் பல தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலை ஏறியது. கோட்டயம் எம்.ஜி. பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்து, கத்தாரில் கணக்கு வேலை பார்த்து, அங்கிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி (புள்ளிகள் பார்த்து ஆள் எடுக்கும் கனடா குடியேற்ற முறை) மூலமாகக் கனடா வந்தேன்.

எனக்குப் பெயர் பிரச்சினை கொஞ்சம்தான், முகவரிதான் பிரச்சினை. கனடா விண்ணப்பத்தில் பத்து வருடத்துக்கு எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒரு மாதம்கூட இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். எங்கள் வீடு கம்பெனி லயம், அதாவது எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் வரிசை வீடு. அப்பாவுக்கு டிவிஷன் மாறினால் லயமும் மாறும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதையும் காலி பண்ணிக் கொடுக்கணும். பாரத்தில் 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையை அடைக்கும். அந்த மண்ணிலேயே பிறந்து அங்கேயே உழைத்த அப்பாவுக்கு அங்கே அப்படி ஒரு முகவரி கிடையாது.

தெரிந்தவர்கள் சித்தப்பா வீட்டு முகவரியைப் போடச் சொன்னார்கள். நான் உள்ளதை உள்ளபடி, எந்த டிவிஷன், எந்த லயம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதினேன். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. தகவல் மறைத்ததாகத் தெரிந்தால்தான் ஆபத்து, ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடாவிலிருந்து அழைப்பு வந்த பிறகு 60 நாளில் எல்லாக் காகிதமும் ஏற்ற வேண்டும். கடந்த பத்து வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். வளைகுடாவில் இருப்பவர்கள் அதை அங்கே இருக்கும்போதே வாங்குவது எளிது, ஊருக்கு வந்த பிறகு கைரேகை எடுத்து அனுப்புவது அலைச்சல். படிப்பு மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகமே மதிப்பெண் பட்டியலை அனுப்பணும், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலையாளமோ தமிழோ எந்தக் காகிதமானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதை உங்கள் வீட்டு ஆட்கள் செய்யக் கூடாது, அவர்களுக்கு மொழிபெயர்ப்பே தொழிலாக இருந்தாலும் சரி. வந்த பிறகு ஐந்து வருடத்தில் மொத்தம் 730 நாள் கனடாவில் இருக்கணும். அக்கா சொன்ன ஆறு மாதக் கணக்கு இங்கே கிடையாது, அதனால் பெற்றோருக்காக ஊரில் கொஞ்சம் நீளமாக நிற்க முடிகிறது.

அப்பாவின் ஓய்வுக்கு முன்னால் போடி பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிட்டோம். இங்கே வந்து உழைத்தது அதற்காகத்தான்.

நகரி பக்கம்

அக்கா, அண்ணா, நான் ஆந்திராவில் சித்தூர் மாவட்டம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன், பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. இங்கே பத்தாம் வகுப்பு சர்ட்டிஃபிகேட்டில் தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் முன்னால் வரும். எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் கிடையாது. அதனால் பள்ளியில் அப்பா பெயரை முன்னால் போட்டுவிட்டார்கள். ஆதாரில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இப்போது எதை எதற்குப் பொருத்தணும்?

கொழிஞ்சாம்பாறை பக்கம், இப்போது ஜெர்மனி

தங்கச்சி, நீ சரியான நேரத்தில் கேட்டிருக்கிறாய். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வை. அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆதாரை அதற்குப் பொருந்த மாற்று. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக் கொடு. அதற்குப் பிறகு பாஸ்போர்ட். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் உன் பெயரை அடுத்த கட்டத்திலும் போடு, எதையும் காலியாக விடாதே. அப்பா ஆதாரிலும் அவர் பெயர் அதே எழுத்தில் இருக்கட்டும். பட்டமும் நர்சிங் கவுன்சில் பதிவும் இனிமேல்தான் வரப்போகிறது, அது உனக்குப் பெரிய வசதி. கடைசி வருடத் தேர்வுக்குக் கல்லூரி பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே ஆபீஸில் போய் உன் வரியைக் கண்ணால் பார்த்துவிடு. கவுன்சிலுக்கும் அதே எழுத்துதான் போகும்.