விஜிஏவில் 50 வரி எழுத்துத் திரை: ஆன்சி.சிஸ் இல்லாமல் முடியுமா?

கேள்வி (வரிவடிவன்):
486 கணினி, விஜிஏ (திரைக்காட்சி) அட்டை, எம்எஸ்-டாஸ் 6.22. 'மோட் கான் லைன்ஸ்=50' கொடுத்தால் ஆன்சி.சிஸ் (டாஸின் திரை இயக்கி) வேண்டும் என்கிறது. நினைவகம் இறுக்கம், அதை ஏற்ற விருப்பமில்லை. வேறு வழி உண்டா? 60 வரியும் வருமா?

பதில் (மூலக்கணினி):
உண்டு. விஜிஏ எழுத்துத் திரைக்கு வழக்கமாக 400 ஸ்கேன் வரி (திரையில் வரையப்படும் கிடைக் கோடு). எழுத்து உயரம் 16 புள்ளி என்றால் 25 வரி, 8 என்றால் 50. எழுத்துருவை மாற்றினாலே போதும். டாஸின் டீபக் கருவியில் 'ஏ 100' அடித்து இந்த நான்கையும் எழுதுங்கள் (இன்ட் 10 என்பது கணினியின் அடிப்படை நிரலான பயாஸின் திரைச் சேவை, இன்ட் 20 நிரலை முடிப்பது):

மூவ் ஏஎக்ஸ்,1112
மூவ் பிஎல்,0
இன்ட் 10
இன்ட் 20

மொத்தம் 9 பைட். 'ஆர்சிஎக்ஸ்' கட்டளையில் கோப்பின் அளவாக 9 கொடுத்து, .காம் (இயங்கும் நிரல்) கோப்பாகச் சேமியுங்கள். 1112க்குப் பதில் 1111 போட்டால் 14 புள்ளி எழுத்து, 28 வரி. நாள் முழுக்க நிரல் எழுத 28தான் கண்ணுக்கு நல்லது.

பதில் (பச்சைத்திரை):
மேலே சொன்னது சரி. ஆனால் ஏதாவது ஒரு நிரல் பயன்முறை 3ஐ (வழக்கமான எழுத்துத் திரை) மறுபடி அமைத்தால் 25க்குத் திரும்பிவிடும், அந்த .காமை மீண்டும் ஓட்ட வேண்டும். 25 என்றே நிலையாக எழுதிய நிரல்கள் மேல் பாதியில் மட்டும் வரையும். ஒழுங்கான நிரல் 0040:0084 என்ற நினைவக முகவரியில் உள்ள எண்ணோடு 1 கூட்டி வரிகளை அறிந்துகொள்ளும்.

பிரின்ட் ஸ்கிரீனில் 25 வரி மட்டும் அச்சானால், செயலியின் பதிவேடுகளில் ஏஎச்=12, பிஎல்=20 வைத்து இன்ட் 10ஐக் கூப்பிடுங்கள். வரி எண்ணிக்கை பார்த்து அச்சிடும் மாற்றுக் கையாளி வந்துவிடும்.

பதில் (மூலக்கணினி):
60 வரிக்கு 480 ஸ்கேன் வரி வேண்டும். அதற்கு பயாஸ் அழைப்பு கிடையாது, சிஆர்டிசி (விஜிஏவில் திரை நேரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) பதிவேடுகளை நேரடியாக மாற்ற வேண்டும். 8 புள்ளி எழுத்தை ஏற்றியபின் 11ஆம் (ஹெக்ஸ்) பதிவேட்டின் 7ஆம் பிட்டை நீக்குங்கள். இல்லாவிட்டால் 0 முதல் 7 வரையிலான பதிவேடுகள் பூட்டியே இருக்கும், நீங்கள் எழுதுவது ஏறாது. பிறகு செங்குத்து நேர மதிப்புகளை 480 வரிக்கு மாற்றுங்கள். போர்ட் 3சி2க்கு இ7 அனுப்ப மறக்காதீர்கள். 67ஆகவே விட்டால் சிங்க் முனைவு (ஒத்திசைவுச் சைகையின் நேர் அல்லது எதிர் நிலை) 400 வரிக்கு உரியதாக நிற்கும். முனைவைப் பார்த்து உயரத்தைச் சரிசெய்யும் பழைய மானிட்டரில் படம் மேலும் கீழும் வழியும். கடைசியாக 0040:0084இல் 59, 0040:004சியில் பக்க அளவு 9600 (இவை இரண்டும் தசம எண்கள்).